தோளைத் தேய்க்கும் குதிரை ரக்: உள்சட்டையா, பெரிய சைஸா, வேறு கட்டிங்கா, கழற்றியே விடுவதா?

ரக் (குளிருக்கும் மழைக்கும் குதிரைமேல் கட்டும் போர்வை) போட ஆரம்பித்து மூன்று நான்கு வாரம் ஆனதும் இந்தக் கேள்வி வந்துவிடும். இங்கிலாந்து, அயர்லாந்து பக்கம் குதிரை வைத்திருக்கிற, அல்லது பிள்ளைக்காக ஒரு போனியை (சின்ன இனக் குதிரையை) லிவரி யார்டில், அதாவது காசு கொடுத்துக் குதிரையை விட்டுவைக்கும் லாயத்தில், வளர்க்கிற நம் ஆட்கள் பலர் கேட்பது இதுதான்: தோளில் முடி உதிர்ந்து தோல் பளபளவென்று தெரிகிறது, ரக்தான் காரணம் என்கிறார்கள், உள்ளே போடுகிற லைக்ரா சட்டை ஒன்று வாங்கினால் போதுமா, அடுத்த சைஸ் ரக் வாங்கட்டுமா, இல்லை இதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ரகமே வாங்கட்டுமா? யார்டில் நாலு பேரைக் கேட்டால் நாலு பதில் வரும், நாலு பேரும் அனுபவசாலிகளாகவே இருப்பார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான குதிரைகளுக்குக் கோளாறு சைஸில் இல்லை, கனத்தில் இல்லை, விலையிலும் இல்லை. கட்டிங்கில் இருக்கிறது. கடைக்காரர் எத்தனை கிராம் நிரப்பு (சூட்டுக்கு உள்ளே வைக்கும் பஞ்சு), எத்தனை டெனியர் துணி (நூலின் கன அளவு) என்றுதான் பேசுவார், பெட்டியிலும் அதுதான் பெரிதாகப் போட்டிருக்கும். தோள் எப்படி வெட்டப்பட்டிருக்கிறது, கழுத்து வளையம் எங்கே உட்காருகிறது என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். ஆனால் எல்லோருக்கும் ஒரே பதில் சரிவராது, சில குதிரைக்கு உள்சட்டை போதும், சில குதிரைக்கு ரக்கே வேண்டாம்.

## எதை வைத்து முடிவு செய்வது

தோள்மேடு. கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற இடத்தில் இரண்டு தோள்களுக்கும் நடுவே எழும்பி நிற்கும் எலும்பு மேட்டைச் சொல்கிறேன், யார்டில் விதர்ஸ் என்பார்கள். அங்கே எலும்புக்கு மேல் மெத்தையாகத் தசை கிடையாது, கிட்டத்தட்ட தோல்தான். ரக்கின் எடையும், மழையில் நனைந்தால் அந்த ஈரத்தின் எடையும் சேர்ந்து பெரும்பாலும் அங்கேதான் தொங்குகிறது. நாள் முழுக்க அழுத்தினால் முதலில் முடி உடையும், அப்புறம் தோல் புண்ணாகும், முடிவேர் கெட்டால் அந்த இடத்தில் முளைக்கும் முடி வெள்ளையாகவே முளைக்கும். பழைய சேணத் தழும்பு என்று சொல்லப்படும் வெள்ளைப் புள்ளிகளில் ரக்கால் வந்தவையும் உண்டு. அமெரிக்காவில் மூன்று வகை கட்டிங் உள்ள ரக்குகளைப் போட்டுத் தோள்மேட்டில் விழும் அழுத்தத்தை அளந்து 2010-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நேராக வெட்டிய கழுத்துக்கு அழுத்தம் கூடுதல், தோள்மேட்டின் மேல் படாதபடி வெட்டியதற்குக் குறைவு. எந்த ரக்காக இருந்தாலும் இந்த இடத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

தோள் அசைவு. குதிரைக்குக் கழுத்துப்பட்டை எலும்பு கிடையாது. தோள்பட்டை வெறும் தசையால்தான் விலாவோடு பிடித்துக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு அடிக்கும் அது வழுக்கி முன்னும் பின்னும் போகிறது. அதற்குக் குறுக்கே இறுக்கமான துணி இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் உரசும், குதிரையும் அடியைக் குறுக்கிக்கொண்டு நடக்கும்.

தலை தாழ்த்தும்போது. முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுவது இதைத்தான். லாயத்தில் கட்டிப்போட்டு, தலை தூக்கி நிற்கும்போது ரக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு சரியாக இருக்கிறது என்கிறோம். வெளியே விட்டால் அதே குதிரை பாதி நாளுக்கு மேல் தலையைத் தரையில் வைத்துக்கொண்டு மேய்கிறது. கழுத்து கீழே போனதும் கழுத்து வளையத்தின் முன்பக்கம் மார்பில் இறுகும், மேல்பக்கம் தோள்மேட்டில் அழுந்தும்.

புரண்ட பிறகு எங்கே நிற்கிறது. காலையில் நேராகப் போட்ட ரக் மாலையில் ஒரு பக்கம் சரிந்தோ, நாலு விரற்கடை பின்னால் நகர்ந்தோ இருந்தால் இரவு முழுக்க அது தவறான இடத்தில்தான் இழுத்துக்கொண்டிருக்கும்.

மொத்தச் செலவு. ரக் விலை மட்டும் போதாது. துவைத்து மறுபடி நீர்காப்புப் பூசுவது, கிழிசல் தைப்பது, திருப்பி அனுப்பும் தபால், புண்ணானால் மருத்துவர் கட்டணம், குதிரை ஏறாமல் போகும் வாரங்கள் எல்லாம் இதில் சேரும்.

## வாங்குவதற்கு முன் கையை உள்ளே விடுங்கள்

எந்த முடிவுக்கும் முன்னால் இப்போது இருக்கிற ரக்கை வைத்தே இதைச் செய்து பாருங்கள். முன்பக்கிள்களைப் போடுங்கள், வயிற்றுவார்களை எதிரெதிராகக் குறுக்கே மாட்டுங்கள், வயிற்றுக்கும் வாருக்கும் நடுவே ஒரு கை அகலம் இடைவெளி இருக்கட்டும். பிறகு உங்கள் உள்ளங்கையைக் குதிரையின் தோள்மேட்டில் பதிய வைத்து, ரக் மேலே இருக்க, இன்னொரு கையில் ஒரு காரட்டை எடுத்துத் தரைக்குப் பக்கத்தில் காட்டுங்கள். குதிரை தலையைத் தாழ்த்தும்போது உங்கள் புறங்கை என்ன உணர்கிறது? துணி லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் நல்லது. விரல் முட்டிகளை யாரோ அமுக்குவது போலிருந்தால், கையை உருவ முடியாமல் மாட்டிக்கொண்டால், அதைத்தான் உங்கள் குதிரை மணிக்கணக்கில் தாங்கிக்கொண்டிருக்கிறது. அடுத்து அதே கையைத் தோளின் முன்முனைக்குக் கொண்டுபோய், முன்கால் ஒன்றை வேறொருவர் மெதுவாக முன்னே இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். அங்கேயும் கை தாராளமாக வழுக்கிப் போக வேண்டும்.

கழுத்து வளையத்தின் மேல் விளிம்பு தோள்மேட்டுக்கு முன்னால் உட்கார வேண்டும், ஒருபோதும் அதன் மேலோ பின்னாலோ அல்ல. பின்பக்கம் ரக் வால் தொடங்கும் இடத்தோடு முடியட்டும். தொடைவார் இருந்தால் ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து மாட்டுங்கள், தொடைக்கும் வாருக்கும் நடுவே கை போக வேண்டும். நீளம் அளக்கும்போது மார்பின் நடுவிலிருந்து பக்கவாட்டில் டேப்பைக் கொண்டுபோய்ப் பின்தொடையின் பின்முனை வரை. பிரிட்டிஷ் சைஸ்கள் அடி அங்குலத்தில் 3 அங்குலம் 3 அங்குலமாக ஏறும், 5 அடி 9, 6 அடி, 6 அடி 3 என்று. ஐரோப்பியக் கடைகள் சென்டிமீட்டரில் முதுகு நீளத்தைத்தான் போடுகின்றன, இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆர்டர் போட்டுவிடாதீர்கள்.

## வழி 1: உள்சட்டை

ரக்குக்கு உள்ளே தோளையும் மார்பையும் மூடுகிற வழுக்கலான லைக்ரா சட்டை. 15 முதல் 30 பவுண்டுக்குள் கிடைக்கும், அதனால்தான் எல்லோரும் முதலில் இதற்குப் போகிறார்கள்.

இது உரசலைக் குறைக்கும், அழுத்தத்தைக் குறைக்காது. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் போதும். முடி உதிர்வது நின்றுவிடும், நாமும் சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்போம், அடியில் தோள்மேடு அழுந்திக்கொண்டேயிருக்கும், ஆனால் நமக்கு எச்சரிக்கை கொடுத்துக்கொண்டிருந்த அடையாளம் மட்டும் காணாமல் போயிருக்கும். ஏற்கெனவே இறுக்கமான ரக்குக்குள் இன்னொரு துணியைச் சேர்த்தால் இறுக்கம் கூடத்தான் செய்யும். டிசம்பரில்கூட மிதமான நாட்கள் வரும், அன்றைக்கு அதற்குள் வேர்க்கும், வேர்வையும் அழுக்கும் சேர்ந்தால் தோல் அரிக்கும். வாரா வாரம் துவைக்க வேண்டும், துவைத்துக் காய்வதற்குள் போட இன்னொன்று வேண்டும்.

கைச் சோதனையில் ரக் முழுசாகத் தேறி, அப்படியும் முடி போகிறது என்றால் அங்கே உள்சட்டை சரியான பதில். பந்தயக் குதிரை இனமான தரோபிரெட் மாதிரி மெல்லிய தோல் உள்ள குதிரைகள், முடியை மெஷினால் கத்தரித்துவிட்ட குதிரைகள், பகலும் இரவும் ரக்கிலேயே இருக்கும் குதிரைகள் இந்த வகை.

## வழி 2: ஒரு சைஸ் பெரிதாக

தோள் இறுகுகிறது, அப்படியானால் பெரிதாக வாங்கு என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆர்ம்ஹோல் பிடிக்கிற ரவிக்கைக்குப் பதில் அடுத்த சைஸ் வாங்கினால் இடுப்பு தொளதொளக்குமே தவிர, கையைத் தூக்கும்போது பிடிக்கிற இடம் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். ரக்கும் அப்படித்தான். சைஸ் கூடும்போது முக்கியமாகக் கூடுவது நீளம். கழுத்து வளையம் பெரிதாவதால் மேல் விளிம்பு தோள்மேட்டைத் தாண்டிப் பின்னால் சரிகிறது, சரிந்ததும் முன்பக்கம் மொத்தமும் தோளின் முனையில் வந்து மாட்டிக்கொள்கிறது. முன்னைவிட மோசமாகத் தேய்க்கும். நீளம் கூடிய ரக் பின்னால் தொங்கிப் பின்கால் முட்டிவரை வரும், குதிரை எழுந்திருக்கும்போது குளம்பு மாட்டிக் கிழியும், சில சமயம் கால் வாரில் சிக்கி அடிபடும். சரிகிறதே என்று முன்பக்கிள்களை இறுக்குவார்கள், அது இன்னும் கெடுதல்.

பெரிய சைஸ் சரியாக வருவது உண்மையிலேயே நீளம் குறையும்போதுதான்: வால் தொடங்கும் இடம் மூடாமல் நிற்கிறது, மார்புப் பக்கிள் கடைசித் துளையில்கூட எட்டவில்லை, அல்லது நாலு வயதுக் குட்டி ஆறு வயதுக்குள் வளர்ந்துவிட்டது. டேப் எடுத்து அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள், கண்ணால் பார்த்து அல்ல.

## வழி 3: வேறு கட்டிங்

எனக்குப் பிடித்த வழி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒவ்வொரு நிறுவனமும் தன் மனதில் ஒரு குதிரையை வைத்துத்தான் வெட்டுகிறது. ஒரே 6 அடி 3 சைஸில் ஹார்ஸ்வேர், வெதர்பீட்டா, ஷையர்ஸ் மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், மூன்று வெவ்வேறு தோள்கள். எந்த நிறுவனம் நல்லது என்று கேட்பவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது, உங்கள் குதிரையின் தோளைக் காட்டினால்தான் சொல்ல முடியும்.

சாதாரணக் கழுத்து உள்ள ரக், தோள்மேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் முடிகிறது. அளவான தோள்மேடும் அளவான மார்பும் உள்ள குதிரைக்கு இது போதும், கனமும் குறைவு, கிடைப்பதும் எளிது. தோள்மேடு உயர்ந்து மார்பு ஒடுங்கிய தரோபிரெட்டுக்கு இது பெரும்பாலும் சரிந்துகொண்டே இருக்கும்.

உயர்கழுத்து ரக்கில் விளிம்பு கழுத்தின் மேல் நன்றாக ஏறி உட்காரும். எடை தோள்மேட்டின் உச்சியில் விழாமல் பரவுகிறது, முன்பக்கம் வி வடிவில் திறப்பதால் மேயும்போது மார்பில் இறுகுவதும் குறைவு. உயர்ந்த தோள்மேடு, அகன்று நீண்ட தோள் உள்ள வார்ம்பிளட் (சவாரிப் போட்டிகளுக்கு வளர்க்கும் இனங்கள்), தரோபிரெட் இரண்டுக்கும் முதலில் இதைத்தான் போட்டுப் பார்க்கச் சொல்வேன். குட்டையாய், கட்டுமஸ்தாய், கழுத்து தடித்து இருக்கும் காப் வகைக்கு இது பிடரியில் இறுகலாம், பிடரி மயிர் உடையும். காப்புக்கு வேண்டியது ஆழமான கழுத்து, அகன்ற மார்பு, தோளில் பெரிய குசெட், அதாவது அசைய இடம் விட்டுச் சேர்த்துத் தைத்த துணித் துண்டு. குசெட் என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் மட்டும் போதாது, அது எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். தோள் முனைக்குப் பின்னால் தைத்த குசெட் காலுக்குத்தான் இடம் கொடுக்கும், தோளுக்கு இல்லை.

முழுக்கழுத்து மூடிய காம்போ ரக்கைச் சேறுக்குப் பயந்துதான் பலர் வாங்குகிறார்கள். வேலை மிச்சம் என்பது உண்மை. ஆனால் கழுத்தோடு சேர்த்துத் தைத்த மூடி, குதிரை தலையைத் தாழ்த்தும்போதெல்லாம் முழு ரக்கையும் முன்னே இழுக்கிறது, தலை தூக்கும்போது பின்னே போகிறது. நாள் முழுக்க இந்த இழுபறி நடந்தால் பிடரி மயிரின் அடிப்பாகம் தேய்ந்து காணாமல் போகும். கழுத்துமூடி வேண்டும் என்றால் தனியாகக் கழற்றி மாட்டுகிற வகை வாங்குங்கள், மழை நாளில் போட்டு மற்ற நாளில் எடுத்துவிடலாம்.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவு லைனர், அதாவது வெளி ரக்குக்கு உள்ளே மாட்டும் தனிப் போர்வை. வெளி ரக்கை 0 அல்லது 50 கிராமில் வாங்கி, குளிர் ஏறும்போது உள்ளே 100, 200 கிராம் லைனர் சேர்த்துக்கொள்வது சிக்கனம்தான். ஆனால் லைனர் இல்லாமல் சரியாக இருந்த தோள், லைனர் சேர்த்ததும் இறுகிவிடும். அதனால் நீங்கள் போடப்போகிற கனமான லைனரை உள்ளே வைத்துத்தான் சோதிக்க வேண்டும். இன்னொன்று, குதிரையின் உடம்பு வருடா வருடம் மாறுகிறது. வேலை குறைந்து முதுகுத் தசை கரைந்தால் தோள்மேடு எலும்பாகத் துருத்தும், போன வருடம் கச்சிதமாக இருந்த ரக் இந்த வருடம் அழுத்தும்.

மழைக்கு வெளியே போடுகிற நடுத்தரக் கன ரக் 60 பவுண்டிலிருந்து 200 பவுண்டைத் தாண்டியும் போகிறது. விலை கூடக்கூடத் துணியின் உறுதி கூடும், 600 டெனியருக்குப் பதில் 1200, 1680 என்று. வேலியில் உரசும் குதிரைக்கு அது தேவைதான். பொருத்தம் மட்டும் விலையோடு கூடுவதில்லை.

## வழி 4: திருத்தித் தைப்பது, அளவெடுத்துத் தைப்பது

ரக் துவைத்துக் கொடுப்பவர்களில் பலர் பழுதும் பார்ப்பார்கள். முன்பக்கிள் இடம் மாற்றலாம், மார்பில் ஒரு துண்டு சேர்க்கலாம், வார் மாற்றலாம். மார்பு மட்டும் ஓரிரு அங்குலம் போதவில்லை என்றால் புது ரக் வாங்குவதைவிட இது நல்லது. தோள்மேட்டில் அழுத்துகிற ரக்கை இப்படிச் சரிசெய்ய முடியாது, அடிப்படைக் கட்டிங்கே தவறு. வெளி ரக்கில் ஊசி போன இடமெல்லாம் தண்ணீர் இறங்கும், தையலை அடைத்துக் கொடுப்பார்களா என்று முதலிலேயே கேளுங்கள்.

முழுக்க அளவெடுத்துத் தைப்பது கூன்முதுகு, மிகப் பெரிய ஷையர் இனம் போன்ற அசாதாரண உடம்புகளுக்கு. காசும் காத்திருப்பும் அதிகம், திருப்பிக் கொடுக்க முடியாது, வளரும் குதிரைக்கு வீண்.

## வழி 5: ரக்கே இல்லாமல்

இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் நான் கட்டாயம் பட்டியலில் வைப்பேன். வளர்ந்த ஆரோக்கியமான குதிரைக்கு ஏறக்குறைய 5 முதல் 25 டிகிரி வரை உடல் சூட்டைக் காக்கத் தனியாக உழைக்கவே தேவையில்லை, குளிருக்குப் பழகினால் இன்னும் கீழே தாங்கும். குளிர்கால முடி சிலிர்த்து நின்று காற்றைப் பிடித்துவைக்கிறது, குடலில் புல் நொதிக்கும்போதே சூடு வருகிறது. ரக் அந்த முடியை அமுக்கிப் படிய வைத்துவிடுகிறது.

நார்வேயில் 23 குதிரைகளுக்குப் பலகையில் வரைந்த குறிகளைக் காட்டி, ரக் போடு, எடு, இப்படியே விடு என்று மூக்கால் தொட்டுச் சொல்லப் பழக்கினார்கள், 2016-இல் வெளியானது. எல்லாக் குதிரையும் கற்றுக்கொண்டன. வெயில் நாளில் வேண்டாம் என்றன, மழையும் காற்றும் சேர்ந்த குளிர் நாளில் பெரும்பாலானவை போடச் சொல்லிக் கேட்டன. நமக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது: வெறும் குளிரைவிட ஈரமும் காற்றும்தான் அவற்றைப் படுத்துகின்றன. ஒதுங்க ஒரு கொட்டகையோ அடர்ந்த வேலியோ இருந்து, முடி கத்தரிக்காத எக்ஸ்மூர், ஷெட்லாண்ட், வெல்ஷ் மாதிரியான நாட்டுப் போனிக்கு ரக் பெரும்பாலும் நம் மனத் திருப்திக்காகத்தான். அதிலும் உடம்பு போட்ட போனி குளிர்காலத்தில் கொஞ்சம் இளைப்பது அதற்கு நல்லது, கொழுத்தபடியே வசந்தப் புல்லுக்குப் போனால் குளம்பு அழற்சி (லாமினைடிஸ்) வரும் அபாயம் கூடும்.

முடி கத்தரித்தது, வயதானது, மெலிந்தது, நோயிலிருந்து மீண்டு வருவது, ஒதுங்க இடமில்லாதது இவற்றுக்கெல்லாம் இது பொருந்தாது. செலவும் இல்லாமல் இல்லை, உலர்புல் கூடுதலாகத் தர வேண்டும், ஏறுவதற்கு முன் காய்ந்த சேற்றைத் தட்ட அரை மணி நேரம் போகும். சென்னை, கோவை ரைடிங் பள்ளிக் குதிரைக்குக் குளிர் ரக் என்ற பேச்சே வேண்டாம், அங்கே சூடுதான் எதிரி.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | தோள்மேட்டு அழுத்தம் | தோள் உரசல் | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| உள்சட்டை | குறையாது, கூடலாம் | குறையும் | கோளாறை மறைக்கும், ஓயாத துவைப்பு | பொருந்திய ரக், மெல்லிய தோல் |
| பெரிய சைஸ் | பெரும்பாலும் கூடும் | கூடும் | கிழிசல், கால் சிக்குதல் | உண்மையில் நீளம் போதாத குதிரை |
| வேறு கட்டிங் | நன்றாகக் குறையும் | குறையும் | திருப்பி அனுப்பும் தபால், லைனர் கணக்கு | பெரும்பாலானவை |
| திருத்தம் | மாறாது | கொஞ்சம் குறையும் | நீர் கசிவு | மார்பு மட்டும் போதாதது |
| ரக் இல்லாமல் | இல்லை | இல்லை | கூடுதல் உலர்புல், சேறு | முடி நிறைந்த ஆரோக்கியமான போனி |

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் ஒரு வாரம் தினமும் ரக்கை முழுக்கக் கழற்றிப் பாருங்கள். இருட்டிவிட்டது, மழை பெய்கிறது என்று மேலோட்டமாகத் தடவிவிட்டு வராதீர்கள். தோள்மேட்டில் முடி கலைந்திருக்கிறதா, தொட்டால் தோல் சுருங்குகிறதா, பிரஷ் போடும்போது காதைப் பின்னால் மடக்குகிறதா, ரக்கைக் கையில் எடுத்ததுமே நகர்ந்து போகிறதா அல்லது கடிக்க வருகிறதா? கடிக்க வரும் குதிரைக்குக் கெட்ட குணம் என்று பெயர் வைப்பதற்கு முன் ரக்கின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், எங்கே லைனிங் தேய்ந்து முடி அப்பியிருக்கிறதோ அங்கேதான் வலி. ஏற்கெனவே புண்ணாகியிருந்தால் ஆறும்வரை அந்த ரக் வேண்டாம், வீங்கியோ நீர் வடிந்தோ இருந்தால் மருத்துவரைக் கூப்பிட்டுவிடுங்கள்.

புது ரக் வந்ததும் நேராகக் குதிரை மேல் போட்டுவிடாதீர்கள். ஒரு முடி ஒட்டியிருந்தாலும் பல கடைகள் திருப்பி எடுக்காது. குதிரையை நன்றாகத் துடைத்து, பழைய மெல்லிய பருத்தி பெட்ஷீட்டை முதுகிலும் மார்பிலும் போர்த்தி, அதன் மேல் ரக்கைப் போட்டு லாயத்துக்கு உள்ளேயே காரட் சோதனையைச் செய்யுங்கள். விலைச்சீட்டைப் பிய்க்க வேண்டாம். முடிந்தால் இரண்டு கட்டிங்கை ஒரே நேரத்தில் வரவழைத்து, அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்து, பிடிக்காததை மறுநாளே அனுப்பிவிடுங்கள்.